வித்தைத் தேர்ந்தெடுப்பது எந்த மண்?

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றிலும் நூல் இருப்புப் பதிவேடு ஒன்று உண்டு. அங்கத்தினர் ஒருவருக்குப் பாவுக்கும் ஊடைக்குமாக இத்தனை கிலோ நூல் கொடுத்தோம், அவர் இவ்வளவு துணி நெய்து கொடுத்தார், கழிவு இவ்வளவு என்று வரவும் பற்றும் அதில் ஏறியாக வேண்டும். கழிவு வழக்கமான அளவை மீறினால் தணிக்கையில் கேள்வி எழும். நூறு கிலோ நூல் பெற்ற ஒருவர் முப்பத்து மூன்று கிலோ துணியைக் கொண்டுவந்து வைத்து, எஞ்சியது எங்கே போயிற்றென்று தெரியாது என்பாராயின், எந்தச் சங்கமும் அதை ஒப்புக்கொள்ளாது.

பயிர்த்தொழிலில் இத்தகைய கணக்கை நாம் கேட்பதில்லை. 1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராவுன், ஜான்சன் என்னும் இரு அறிஞர்கள் உலகம் முழுவதற்குமாக இக்கணக்கைப் போட்டுப் பார்த்தனர். தானியப் பயிர்களுக்கு இடப்படும் தழைச்சத்தில் நூற்றுக்கு 33 பங்கே தானியமாகக் களத்துக்கு வந்து சேர்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. எஞ்சியதில் ஒரு பகுதி வைக்கோலிலும் மண்ணிலும் தங்குகிறது. ஒரு பகுதி அம்மோனியாவாகிக் காற்றோடு போகிறது. ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறி, நீரோடு கீழிறங்கிக் கிணற்றில் சேர்கிறது. மற்றும் ஒரு சிறு பகுதி நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயுவாகிறது. அளவிற் சிறிதாயினும், வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அவ்வாயு கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 270 மடங்கு வலியது.

இந்த இழப்பைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. உரத்தையும் அதை இடும் முறையையும் திருத்துவது ஒன்று. வித்தைத் திருத்துவது மற்றொன்று. முதல் வழியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். 2015 முதல் நம் நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது. 2018-இல் ஐம்பது கிலோ மூட்டை நாற்பத்தைந்து கிலோவாகக் குறைக்கப்பட்டது. இரண்டாவது வழியாகிய வித்தைப் பற்றி நம் சங்கங்களில் பேச்சே எழுவதில்லை. குறைந்த தழைச்சத்தில் நிறைந்த மகசூல் தரும் குணம் வித்திலே இருக்கக்கூடும். அதைத் தேடுவதும் கேட்டுப் பெறுவதும் கூட்டுறவாளரின் கடமை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதற்கு நான் கோதுமையை எடுத்துக்கொள்கிறேன். நம் வட்டாரத்தார் கோதுமை விளைப்பவர் அல்லர். நியாய விலைக் கடையில் வாங்கி உண்பவரே. எனினும் தழைச்சத்துக்கும் வித்துக்கும் உள்ள உறவில் கோதுமையைப் போல் நெடுங்காலம் சோதிக்கப்பட்ட பயிர்கள் மிகச் சிலவே. அதில் கண்ட பாடம் நெல்லுக்கும் கம்புக்கும் பருத்திக்கும் வழிகாட்டும்.

உரம் காணாத பாத்தி

இங்கிலாந்தில் ஹார்ப்பெண்டன் என்னும் ஊரில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பிராட்பாக் என்ற வயலில் லாஸ், கில்பர்ட் என்னும் இருவர் 1843-ஆம் ஆண்டு கோதுமைச் சோதனை ஒன்றைத் தொடங்கினர். அச்சோதனை இன்றளவும் நடந்து வருகிறது. அவ்வயலில் ஒரு பாத்திக்கு அன்று முதல் இன்று வரை எருவோ உரமோ இட்டதே இல்லை. அப்பாத்தி ஹெக்டேருக்குச் சுமார் ஒரு டன் கோதுமையைத் தந்துகொண்டே இருக்கிறது. மழையோடு இறங்குவதும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து பிடித்துத் தருவதும், பழைய மட்கு சிதைந்து விடுவிப்பதுமாகிய சிறிதளவு தழைச்சத்தே அதன் மூலதனம். அருகே உரமும் தொழுவுரமும் பெறும் பாத்திகள் அதைப் போல் பல மடங்கு விளைகின்றன.

இதில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. மெலிந்த மண்ணிலும் கோதுமை மடிந்துவிடுவதில்லை என்பது ஒன்று. நூற்றெண்பது ஆண்டுகளில் ரகங்கள் பலமுறை மாற்றப்பட்டும் அப்பாத்தியின் மகசூல் பெரிதாக உயர்ந்துவிடவில்லை என்பது மற்றொன்று. வித்து எத்துணைச் சிக்கனமானதாயினும் இல்லாத நூலைக்கொண்டு துணி நெய்ய இயலாது. ஆகவே “உரமே வேண்டாத வித்து” என்று எவரேனும் கூவி விற்பாராயின் அவரை நம்ப வேண்டாம். நாம் தேட வேண்டியது, இட்ட சத்தை வீணாக்காத வித்து.

செடியின் சரிக்கட்டலும் குலத்தின் தேர்வும்

தழைச்சத்துக் குறைந்த மண்ணில் விதைக்கப்பட்ட கோதுமைச் செடி சும்மா இருப்பதில்லை. தன் உணவில் பெரும்பங்கை இலைக்குத் தராமல் வேருக்குத் தருகிறது. நைட்ரேட் மிக நீர்த்துக் கிடக்கும்போதும் அதைப் பற்றி இழுக்கவல்ல புரதங்களை வேரின் புறத்தே மிகுதியாக ஆக்குகிறது. முதிர்ந்த இலைகளின் பச்சையத்தையும் புரதத்தையும் கலைத்து, அதிலுள்ள தழைச்சத்தை இளந்தளிருக்கும் பின்னர் கதிருக்கும் அனுப்புகிறது. அடியிலை மஞ்சளாவதைக் கண்டு “சத்துக் குறைவு” என்று நாம் சொல்வது, செடி தன் பழைய சொத்தை விற்றுப் பிள்ளைக்குச் சோறு போடுவதைக் கண்டுதான். இவை யாவும் ஒரு செடி தன் வாழ்நாளுக்குள் செய்துகொள்ளும் சரிக்கட்டல்கள். எல்லாக் கோதுமையும் இவற்றை ஓரளவு செய்யும்.

ஆனால் வேர் எவ்வளவு ஆழம் போகும், இழுக்கும் புரதம் எவ்வளவு விரைவில் உண்டாகும், முதிர்ந்த இலை எப்போது கலையும் என்பனவற்றில் ரகத்துக்கு ரகம் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடுகள் மரபணுக்களில் எழுதப்பட்டவை. வித்தின் வழியே அடுத்த தலைமுறைக்குச் செல்பவை. மெலிந்த நிலத்தில் ஆண்டுதோறும் விதைத்து, விளைந்ததில் நல்ல கதிர்களை மறு விதைப்புக்கு எடுத்து வைத்த உழவர், தம்மை அறியாமலே மெலிந்த நிலத்துக்கு ஏற்ற மரபணுக்களைத் தேர்ந்தெடுத்தனர். வித்து தன் மண்ணை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அம்மண்ணில் தோற்ற செடிகளுக்குச் சந்ததி குறைந்தது. தேறிய செடிகளின் வித்தே களஞ்சியம் ஏறியது. மரபுவழித் தகவமைப்பு என்று அறிஞர் சொல்வதன் பொருள் இவ்வளவே.

இதிலிருந்து ஒரு முடிவு தானே பிறக்கிறது. மெலிந்த மண்ணில் தேர்ந்தெடுத்தால் மெலிந்த மண்ணுக்கு ஏற்ற வித்துக் கிடைக்கும். கொழுத்த மண்ணிலேயே தேர்ந்தெடுத்தால் கொழுத்த மண்ணுக்கு ஏற்றது கிடைக்கும். அப்படியானால் இன்று நமக்கு வரும் வித்து எந்த மண்ணில் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கேட்பது நியாயமல்லவா?

இரு திறன்கள்

1982-ஆம் ஆண்டு மால், காம்ப்ராத், ஜாக்சன் என்னும் மூன்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் தழைச்சத்துச் சிக்கனத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினர். மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சும் திறன் ஒன்று. உறிஞ்சிய சத்தைக்கொண்டு தானியம் ஆக்கும் திறன் மற்றொன்று. நெசவில் வைத்துச் சொன்னால், சங்கத்திலிருந்து நூலைத் தவறாமல் வாங்கி வந்து சேர்ப்பது முதல் திறன். வாங்கிய நூலைக் கழிவின்றித் துணியாக்குவது இரண்டாம் திறன்.

பிரான்சு நாட்டு அறிஞர்கள் இருபது கோதுமை ரகங்களை உரமிட்டும் இடாமலும் பயிரிட்டுப் பார்த்து, 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். தழைச்சத்து இடாத நிலத்தில் ரகங்களிடையே கண்ட ஏற்றத்தாழ்வில் பெரும்பங்கு, உறிஞ்சும் திறனால் விளைந்தது. உரமிட்ட நிலத்தில் அத்திறனின் பங்கு குறைந்தது. உறிஞ்சியதைப் பயன்படுத்தும் திறன் முன்னுக்கு வந்தது. நூல் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் அதை வாங்கி வரும் சாமர்த்தியத்துக்கு என்ன மதிப்பு? நூல் தட்டுப்பாடான ஊரிலோ அச்சாமர்த்தியமே பிழைப்பு. எனவே கொழுத்த வயலில் முதலிடம் பெற்ற ரகம் மெலிந்த வயலிலும் முதலிடம் பெறும் என்று சோதித்துப் பாராமல் சொல்லிவிட முடியாது.

குட்டைக் கோதுமையின் வரவும் செலவும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். பழைய கோதுமை உயரமாக வளரும். அதற்குத் தழைச்சத்தை மிகுதியாக இட்டால் தாள் நீண்டு, கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஜப்பானில் 1935-இல் வெளியிடப்பட்ட நோரின் 10 என்னும் குட்டை ரகம் இதற்கு மாற்றாக அமைந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அதன் வித்து அமெரிக்கா சென்றது. ஓர்வில் வோகல் அதைக்கொண்டு குட்டை ரகங்களை உண்டாக்கினார். அவரிடமிருந்து பெற்று நார்மன் போர்லாக் மெக்ஸிகோவில் வளர்த்தார். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் அவ்வித்துக்களின் அருமையை உணர்ந்து இங்கே தருவிக்க முயன்றார். சி. சுப்பிரமணியம் உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்த காலத்தில், 1966-இல், 18,000 டன் மெக்ஸிகோ வித்து நம் நாட்டில் வந்திறங்கியது. 1964–65-இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967–68-இல் சுமார் 1 கோடியே 65 லட்சம் டன்னாக உயர்ந்தது. இந்நாளில் அது 11 கோடி டன்னையும் தாண்டியிருக்கிறது. கப்பலை எதிர்பார்த்துச் சோறு உண்ட நாட்டை அந்நிலையிலிருந்து மீட்ட வித்து அது. அதன் பெருமையைக் குறைத்துப் பேசுவது நன்றியுடைமை ஆகாது.

ஆயினும் வரவு எழுதிய கையால் செலவும் எழுத வேண்டும். கோதுமையைக் குட்டையாக்கும் மரபணு இன்னது என்று 1999-இல் கண்டறியப்பட்டது. வளர்ச்சிக்குத் தடை போடும் ஒரு வகைப் புரதத்தை அது செடியில் நிலைக்கச் செய்கிறது. சீன அறிஞர் ஃபூ சியாங்தோங் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அத்தடை தாளின் நீளத்தோடு நிற்பதில்லை என்று காட்டியது. செடி தழைச்சத்தை உறிஞ்சுவதையும் அது மட்டுப்படுத்துகிறது. அதாவது குட்டை ரகம் சாயாமல் நிற்கும் உறுதியைப் பெற்றது. பசியை ஓரளவு இழந்தது. அதனால் அதற்குத் தட்டு நிறையப் பரிமாற வேண்டியதாயிற்று. இத்தடைக்கு எதிராக வேலை செய்யும் மற்றொரு மரபணுவையும் அவர்கள் நெல்லில் கண்டனர். அதன் ஆற்றலைக் கூட்டியபோது செடி குட்டையாகவே இருந்து, தழைச்சத்தை உறிஞ்சும் திறனை மீண்டும் பெற்றது. கோதுமையிலும் அதே வழி பலிக்கும் என்று காட்டியிருக்கின்றனர். குட்டை நெல்லைப் பயிரிடும் நமக்கும் இது நேரே உரிய செய்தியாகும்.

இதைக் கேட்டதும், “பழைய நாட்டு ரகங்களே மேல், அவை உரமின்றி விளைந்தன” என்று சொல்ல வரும் அன்பர்கள் உண்டு. அவர்களுக்கு மற்றொரு சோதனையை நினைவூட்ட வேண்டும். மெக்ஸிகோவின் யாக்கி பள்ளத்தாக்கில், 1950 முதல் 1985 வரை வெளியான பத்து கோதுமை ரகங்களை நான்கு அளவுகளில் தழைச்சத்து இட்டு ஒப்பிட்டனர். அதன் முடிவுகள் 1997-இல் வெளியாயின. உரமே இடாத பாத்தியிலும் பழைய உயர ரகங்களைப் புதிய ரகங்கள் விஞ்சின. 2019-இல் மேற்கு ஐரோப்பிய ரகங்கள் 191-ஐ வைத்து நடத்திய ஆராய்ச்சியும், உரமும் மருந்தும் குறைத்த நிலத்திலும் புதியவையே மேம்பட்டன என்று கண்டது. காரணம் எளிது. குட்டைச் செடி தாளுக்குச் செலவிடுவதைக் குறைத்துத் தானியத்துக்குத் தருகிறது. உறிஞ்சுவதில் ஏற்பட்ட குறை, பகிர்வில் ஏற்பட்ட நிறையால் ஈடு செய்யப்பட்டது.

ஆகவே பழமையைப் போற்றுவோரும் புதுமையைப் போற்றுவோரும் ஆளுக்குப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு வழக்காடுகின்றனர். புதிய வித்து முன்னேற்றமே. ஆனால் உறிஞ்சும் திறனை நேரே குறிவைத்துத் தேர்ந்தெடுத்திருந்தால் அது இன்னும் எவ்வளவு முன்னேறியிருக்கும் என்பதே வினா.

பயன்படாமல் கிடக்கும் முதல்

அவ்வாறு தேர்ந்தெடுக்க முதல் இருக்கிறதா? இருக்கிறது. ஆர்தர் வாட்கின்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1920-களிலும் 1930-களிலும் இந்தியா உட்பட 32 நாடுகளிலிருந்து உழவர் பயிரிட்ட கோதுமைகளைத் திரட்டினார். அவற்றுள் 827 ரகங்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. இங்கிலாந்து, சீனா முதலிய நாடுகளின் அறிஞர்கள் அவை அனைத்தின் மரபணுத் தொகுதியையும் படித்து, 2024-இல் முடிவுகளை வெளியிட்டனர். உலகின் பழைய கோதுமைகள் ஏழு குலங்களாகப் பிரிகின்றன என்றும், இக்கால ரகங்கள் யாவும் அவற்றுள் இரண்டே குலங்களிலிருந்து வந்தவை என்றும் அவர்கள் கண்டனர். எஞ்சிய ஐந்து குலங்களும் பெட்டகத்தில் முடங்கிய முதலாகக் கிடக்கின்றன.

அப்பெட்டகத்தில் என்ன இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் காட்டலாம். கோதுமை தானியத்திலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி, பூக்குமுன்பே உறிஞ்சப்பட்டு இலையிலும் தாளிலும் சேர்ந்து, பின்னர் கதிருக்கு இடம் பெயர்வது. இவ்விடப்பெயர்ச்சியை ஏவும் ஒரு மரபணுவை 2006-இல் டுப்கோவ்ஸ்கி குழுவினர் கண்டறிந்தனர். அது காட்டுக் கோதுமையாகிய எம்மர் இனத்திலிருந்து கிடைத்தது. நம் வீடுகளில் கஞ்சிக்கும் அல்வாவுக்கும் வாங்கும் சம்பா கோதுமை அவ்வினத்தின் பயிரிட்ட வகையே. அம்மரபணு உடைய செடியில் இலைகள் விரைவில் முதிர்ந்து, தழைச்சத்தையும் இரும்பையும் துத்தநாகத்தையும் கதிருக்கு ஒப்படைக்கின்றன. இக்கால ரொட்டிக் கோதுமை ரகங்கள் பெரும்பாலானவற்றில் அம்மரபணு பழுதுபட்டுக் கிடக்கிறது. கோடை குறுகிய வட ஐரோப்பிய நாடுகளின் சில பழைய ரகங்களிலோ அது பழுதின்றி விளங்குவதைப் பின்னர் கண்டனர். யாரும் திட்டமிட்டுத் துரத்தாமல், யாரும் கவனியாமல், நல்ல குணம் ஒன்று பெரும்பாலான வயல்களிலிருந்து வெளியேறியிருக்கிறது.

இங்கே நெசவாளர் நன்கறிந்த எச்சரிக்கை ஒன்றைச் சொல்ல வேண்டும். குறைந்த நூலில் அதிகத் துணி நெய்ய இரண்டு வழிகள் உண்டு. கழிவைக் குறைப்பது நேர்மையான வழி. இழைகளின் நெருக்கத்தைக் குறைத்துச் சல்லடைபோல் நெய்வது மற்ற வழி. அளவுகோலை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கையால் தடவிப் பார்ப்பவருக்கே வேறுபாடு தெரியும். கோதுமையிலும் அப்படியே. மாவுச்சத்தை மிகுத்துப் புரதத்தை மெலிவித்தால் அதே தழைச்சத்தில் மூட்டைகள் கூடும். உண்பவன் வயிற்றுக்குச் சேர்வது குறையும். மகசூல் கூடும்போது புரதம் குறைவது கோதுமையில் பரவலாகக் காணப்படும் இயல்பு. ஆகையால் சிக்கன வித்து என்று ஒன்று வந்தால், அதன் மூட்டைக் கணக்கோடு புரதக் கணக்கையும் கேட்டே வாங்க வேண்டும்.

மற்றொரு வழியும் திறந்திருக்கிறது. லேமஸ் என்னும் காட்டுப் புல் தன் வேரிலிருந்து ஒரு வகைப் பொருளைக் கசியவிடுகிறது. மண்ணிலுள்ள அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களை அப்பொருள் அடக்குகிறது. அம்மோனியம் மண்ணைப் பற்றி நிற்பது. நைட்ரேட் நீரோடு ஓடிவிடுவது. வேப்பெண்ணெய்ப் பூச்சு மூட்டையில் செய்ய முயல்வதை இப்புல் வேரிலேயே செய்கிறது. ஜப்பானிய, மெக்ஸிகோ நிலையங்களின் அறிஞர்கள் இப்புல்லின் குரோமோசோம் துண்டு ஒன்றை உயர்ந்த கோதுமை ரகங்களுக்கு மாற்றி, 2021-இல் முடிவுகளை வெளியிட்டனர். மண்ணில் நைட்ரேட் உண்டாவதும், நைட்ரஸ் ஆக்ஸைடு வெளிப்படுவதும் குறைந்தன. தழைச்சத்துக் குறைந்த நிலத்தில் மகசூல் கூடியது. தானியத்தின் தரமும் கெடவில்லை.

சோதனை வயலும் நம் வயலும்

மரபணு இருக்கிறது, அறிவும் இருக்கிறது. குறை எங்கே? சோதனை வயலில் இருக்கிறது என்பது என் துணிபு. வட இந்தியாவில் பாசனக் கோதுமைக்கு ஹெக்டேருக்கு 120 முதல் 150 கிலோ வரை தழைச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. புதிய ரகங்கள் பெரும்பாலும் முழு உரமும் பெற்ற வயல்களிலேயே ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. அண்மை ஆண்டுகளில் உயர் விளைச்சல் சோதனைகள் என்ற பெயரில், பரிந்துரைத்த அளவைப் போல் ஒன்றரை மடங்கு உரமும் தொழுவுரமும் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்தும் இட்டுத் தேர்ந்தெடுத்த ரகங்களும் வந்துள்ளன. அவை சாதனைகளே. ஆனால் யாருடைய வயலுக்கு? வாய்க்காலின் கடைமடையில் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு உழுபவனுடைய மண், சோதனை நிலையத்து மண் அன்று. அவனுக்கு யூரியா வேண்டிய நாளில் கிடைப்பதில்லை. கிடைத்த நாளில் பயிரின் பருவம் தப்பிவிடுகிறது. மற்றவர் வயலில் வென்ற வித்தை அவன் தன் வயலில் விதைக்கிறான்; குறை தன் உழைப்பில் என்று எண்ணுகிறான்.

எனவே நாம் கேட்க வேண்டியது ஒன்று. கோதுமையாயினும் நெல்லாயினும், வெளியிடப்படும் ஒவ்வொரு ரகமும் முழு உரத்தோடு பாதித் தழைச்சத்திலும் சோதிக்கப்பட வேண்டும். இரண்டின் மகசூலும் விதை மூட்டையின் சீட்டில் அச்சாக வேண்டும். கோதுமைக்குப் புரத அளவும் சேர வேண்டும்.

இதற்கு ஆட்சேபங்கள் எழும். மெலிந்த வயலில் மண்ணின் மேடுபள்ளம் ரகங்களின் வேறுபாட்டை மறைத்துவிடும், முடிவு தெளிவாக இராது என்று ஆராய்ச்சியாளர் சொல்வர். அது மெய்யான இடையூறே. அதற்கு மாற்று, பல இடங்களில் பலமுறை சோதிப்பது. பல இடங்களில் நிலமும், ஒழுங்காகக் கணக்கு எழுதும் பழக்கமும் உடைய ஸ்தாபனம் கூட்டுறவைத் தவிர வேறு எது? யூரியா மலிவாகத்தானே கிடைக்கிறது, சிக்கனம் எதற்கு என்று சிலர் கேட்பர். 45 கிலோ மூட்டைக்கு வரியும் பூச்சுச் செலவும் நீங்கலாக 2018-இல் வைத்த விலை 242 ரூபாய். ஆக்கும் செலவில் அது ஒரு பகுதியே; மற்றதை அரசாங்கப் பொக்கிஷம் கட்டுகிறது. பொக்கிஷத்துப் பணமும் நம் பணமே. மேலும், யூரியா ஆக்க வேண்டிய எரிவாயுவில் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. பிற நாட்டில் போர் மூண்டால் நம் கடையில் வரிசை நீளுகிறது.

மூன்றாவது ஆட்சேபம் நம் உள்ளேயே இருக்கிறது. உரம் விற்பதும் நம் சங்கம், வித்து விற்பதும் நம் சங்கம். மூட்டைக்கு இவ்வளவு என்று வரும் கழிவுத்தொகை சங்கத்துக்கு ஒரு வருமானம். பயிர்க்கடனில் உரமாகக் கொடுக்கும் பகுதியும் ஏக்கருக்கு இவ்வளவு என்று வரையறுக்கப்படுகிறது; ரகம் சிக்கனமானதா, அன்றா என்று அது பார்ப்பதில்லை. அங்கத்தினரின் செலவு குறைவது சங்கத்தின் நோக்கமாயிருக்க, அச்செலவே சங்கத்தின் வரவாக நிற்பது ஒரு முரண்பாடு. இம்முரண்பாட்டை மூடிவைக்காமல் பேரவையில் எடுத்துப் பேசித் தீர்ப்பதே கூட்டுறவின் இலக்கணம்.

ஒன்று மட்டும் திரும்பச் சொல்ல வேண்டும். சிக்கன வித்து கையில் வருமுன் உரத்தை மட்டும் குறைத்துவிடுவது மண்ணின் முதலைத் தின்பதாகும். சிக்கன வித்து வந்த பின்னும், அது மண்ணிலிருந்து எடுப்பதைப் பயறு, சணப்பு, தொழுவுரம் ஆகியவற்றால் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். பிராட்பாக் வயலின் உரம் காணாத பாத்தி நூற்றெண்பது ஆண்டுகளாக அதைச் சொல்லி வருகிறது.

கேட்பவர் இல்லாத சரக்கு கடைக்கு வராது. ஆராய்ச்சி நிலையங்கள் மகசூலையே கேட்டன என்றால், நாமும் அவற்றிடம் மகசூலையே கேட்டோம் என்பதும் உண்மை. அடுத்த பேரவைக் கூட்டத்தில், ஒவ்வொரு கடன் சங்கமும் அங்கத்தினர் மூவர் நால்வரின் நிலத்தில் சிறு பாத்திகளை ஒதுக்கி, தான் விற்கும் ரகங்களை முழு உரத்திலும் பாதி உரத்திலும் இரண்டு பருவம் பயிரிட்டு, முடிவைப் பெயர்ப்பலகையில் எழுதி வைப்பதென ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். அதற்குப் பெரும் பணம் வேண்டாம். ஒரு தராசும் ஒரு பதிவேடும் போதும். நூலுக்குக் கணக்கு எழுதத் தெரிந்த நமக்குத் தழைச்சத்துக்கும் எழுதத் தெரியாமற் போகாது.